அஞ்சலை பெயரில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்

ஜூன் 2, செவ்வாய்

பள்ளி திறந்துவிட்டது. ரீனாவின் நோட்டுகளுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் எட்டரை மணி பஸ் போய்விட்டது. வீட்டுக்காரர் எட்வின் பைக்கில் கொண்டுவந்து விட்டார்.

ஆபீஸில் ஒரு கோளாறு. வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் நோயாளிகளுக்கு ஆக்ஸிஜன் மெஷின், கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் வாடகைக்குக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. ஆபீஸ் திருச்சியில். வாடிக்கையாளர்கள் முசிறி, துறையூர், லால்குடி என்று சுற்று வட்டாரம் முழுக்க. யார் வீட்டில் எந்த மெஷின் இருக்கிறது, எப்போது சர்வீஸ் செய்ய வேண்டும், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் சி.ஆர்.எம். என்று நாங்கள் சொல்லும் மென்பொருளில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது நான்.

ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் சேர்த்து ஒன்றாக்கும் வேலை மூன்று வாரமாக நடக்கிறது. கமலவேணி அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, சேர்த்துக்கொண்டிருந்தார். இன்று பதினோரு மணிக்குப் பல் டாக்டரிடம் போனார். இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஜெசிந்தா, இங்க வாயேன். முசிறி அஞ்சலை பேர்ல மூணு கட்டில் காட்டுது. அந்தம்மாவுக்கு நாம குடுத்ததே ஒரு சக்கர நாற்காலிதான்."

போய்ப் பார்த்தேன். மூன்றோடு நிற்கவில்லை. கீழே போகப் போக வந்துகொண்டே இருந்தது.

போன் இல்லாதவர்களுக்கு, நம்பர் சொல்லத் தெரியாதவர்களுக்கு, வேனில் போகிறவர்கள் எங்கள் ஆபீஸ் நம்பரையே போட்டுவிடுவது வழக்கம். ஒரே நம்பர் என்றால் ஒரே ஆள் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டது. எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்க்கும் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே ஆளாகிவிட்டார்கள். மெஷின் நம்பர்கள் அத்தனையும் இருக்கின்றன. பெயர், ஊர், குறிப்பு எல்லாம் போய் முசிறி அஞ்சலை மட்டும் மிச்சம்.

எம்.டி. தியாகேசன் சாரிடம் சொன்னேன். "பேக்கப் இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார். வெள்ளிக்கிழமை எடுத்தது இருக்கு."

சாயங்காலம் காஸ் புக் பண்ணினேன்.

ஜூன் 3, புதன்

வெள்ளிக்கிழமை எடுத்த நகல் ஃபைல் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய வெள்ளியும் அப்படியே. ஒவ்வொரு வாரமாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். உருப்படியாகத் திறந்தது போன வருஷம் ஏப்ரல் பதினொன்றாம் தேதி எடுத்தது.

பேக்கப் போய்ச் சேரும் டிஸ்க் நிறைந்துவிட்டிருக்கிறது. மென்பொருள் இதை ஏன் சொல்லவில்லை என்று புரியவில்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எட்வின் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

ஜூன் 5, வெள்ளி

எம்.டி. அறையில் கூட்டம். நான், கமலவேணி அக்கா, கணக்குப் பார்ப்பவர், வேன் ஓட்டி மெஷின் மாட்டிக் கொடுக்கும் ஃபக்ருதீன் பாய். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று மென்பொருள் குறித்து வைத்திருக்கும். அதை அச்செடுத்து வரச் சொன்னார் சார். கொண்டுபோய் வைத்தேன். ஜூன் 2, பதினொன்று நாற்பத்திரண்டு. பெயர்: கமலவேணி.

"நான் அப்ப தில்லை நகர்ல பல் டாக்டர்கிட்ட வாயைத் தொறந்துட்டு உக்காந்திருக்கேன் சார்" என்றார் அக்கா.

"அப்ப உங்க பாஸ்வேர்டு வேற யார்கிட்ட இருக்கு?"

"மானிட்டர் மேல சீட்டுல ஒட்டியிருக்கு. இங்க எல்லாருக்கும் தெரியும்."

"உங்க பாஸ்வேர்டு, உங்க பொறுப்பு. பதினேழு வருஷம் வேலை பாத்தவங்களுக்கு இதை நான் சொல்லணுமா?"

அக்கா யாரையும் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த அச்சுத்தாளைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்தார். பிறகு மறுபடி சார் பக்கம் திருப்பி வைத்தார். மறு உத்தரவு வரும்வரை அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

நான் ஒன்றும் பேசவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 6, சனி

ரீனாவுக்கு ஷூ வாங்கினோம். ஒரு சைஸ் பெரிதாக.

ஜூன் 8, திங்கள்

மெஷின் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து அவசரக் கடிதம். போன வருஷம் ஜூலைக்குப் பிறகு வந்த ஆக்ஸிஜன் மெஷின்களில் ஒரு வரிசைக்கு உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி சரியில்லையாம். கரண்ட் போனால் மெஷின் சத்தம் போட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் ஓடி வந்து குழாயைச் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். இந்த வரிசை மெஷின்கள் சத்தம் போடாமல் போகலாம். உடனே மாற்றிக் கொடுக்கவும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த வரிசையில் நமக்கு வந்தது ஐம்பத்து மூன்று. முப்பத்தொன்று யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியும். மற்ற இருபத்திரண்டும் முசிறி அஞ்சலை பெயரில் இருக்கின்றன.

ஏப்ரல் பேக்கப் இதற்கு உதவாது. அப்போது இந்த மெஷின்கள் வரவே இல்லை.

"பேப்பர்ல விளம்பரம் குடுத்துரலாம் சார். இந்த நம்பர் மெஷின் வெச்சிருக்கவங்க உடனே கூப்பிடுங்கன்னு."

"குடுத்தா நாளைக்கு எவன் நம்மகிட்ட மெஷின் எடுப்பான்? கமுக்கமா தேடுங்க. இருபத்திரண்டுதானே."

ஜூன் 10, புதன்

குடோனில் டெலிவரி ரசீதுகளைத் தேடினோம். போன மழையில் ஒழுகி, கட்டுக்கட்டாக ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்தால் மை போய்விடுகிறது. ஆறு முகவரி கிடைத்தது. மிச்சம் பதினாறு.

ஃபக்ருதீன் பாய் தன் போனில் இருக்கும் படங்களைக் காட்டினார். மெஷின் மாட்டியதும் ஒரு படம் எடுத்து வைப்பாராம். எல்லாம் சுவரும் கட்டிலுமாக இருக்கிறது. சிலவற்றில் மெஷின் நம்பர் தெரிகிறது. எந்த ஊர் என்று தெரியவில்லை. "இது புலிவலம் தாண்டி, ஒரு வாட்டர் டேங்க் இருக்கும்மா, அதுக்குப் பின்னால" என்று யோசித்து யோசித்துச் சொல்கிறார்.

பிறகு சொன்னார்: "ஜெசிந்தாம்மா, இதுக்கு கமலவேணி அக்காவைக் கேட்டா டக்குனு சொல்லிரும். போன் இல்லாத வீட்டையெல்லாம் அதுதான் பக்கத்துக் கடை, பக்கத்து வீடுன்னு நம்பர் புடிச்சு எழுதி வெச்சிருந்துச்சு. அதுக்கு மனப்பாடம்."

"எம்.டி. அவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு பாய்" என்றேன்.

அப்படி அவர் சொல்லவில்லை. சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

ஜூன் 13, சனி

லால்குடிப் பக்கம் இரண்டு, மண்ணச்சநல்லூரில் ஒன்று. பாயோடு வேனில் போய் மாற்றிக் கொடுத்தோம். ஒரு வீட்டில் பேத்தி தேன்மிட்டாய் கொடுத்தாள். தாத்தாவுக்குப் புது மெஷின் வந்த சந்தோஷம் அவளுக்கு. மிச்சம் பதிமூன்று.

ஜூன் 16, செவ்வாய்

இன்று ஐந்து. மிச்சம் எட்டு.

எட்வின் கேட்டார்: "கமலவேணி அக்கா எப்படி இருக்காங்க? நீ போய்ப் பாத்தியா?" வேலை முடியட்டும் போகலாம் என்றேன்.

ஜூன் 19, வெள்ளி

ரீனாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அரை நாள் லீவு போட்டேன். கணக்கில் நன்றாகச் செய்கிறாளாம். கூட்டம் முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு கடைவீதியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். பல நாளைக்குப் பிறகு எனக்கு ருசி தெரிந்தது. நேற்றோடு ஆறு வீடு முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டுதான். நானே நினைத்ததைவிட நன்றாகப் போகிறது.

ஜூன் 22, திங்கள்

ஒன்று. மிச்சம் ஒன்று.

ஜூன் 25, வியாழன்

அந்த ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பாயின் போனில் படம் இருக்கிறது. நீல வண்ணம் அடித்த சுவர், கயிற்றுக் கட்டில், ஒரு ஒல்லியான ஆள் மூக்கில் குழாயோடு கேமராவைப் பார்க்கிறார். எங்கே எடுத்தது என்று பாய்க்கு நினைவில்லை. அன்று ஒரே நாளில் ஏழு வீடு போனாராம்.

சாயங்காலம் நான் கிளம்பும் நேரம் பாய் வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நான் கமலவேணி அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"போட்டோவைக் காட்டுனேன். கண்ணாடி கூடப் போடல. துறையூர் தாண்டி வேலம்பாறை, மருதைமுத்து, ஜல்லி கிரஷர்ல வேலை பாத்தவரு, சம்சாரம் பேரு நல்லாயின்னு சொல்லிருச்சு. முன்னாடியே வந்திருக்கக் கூடாதான்னு கேட்டுச்சு."

நாளை சாருக்கு வேன் வேண்டும். சனிக்கிழமை போகிறோம்.

ஜூன் 27, சனி

வேலம்பாறைக்குப் போனபோது பதினோரு மணி. நீலச் சுவர் வீடு. வாசலில் பந்தல் போட்டுப் பிரித்த குழிகள் மூடப்படாமல் இருந்தன. பாய் வேனை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

நல்லாயிக்கு ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும், "மெஷினை எடுத்துட்டுப் போக வந்தீங்களா? நானே யாருகிட்டச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றார். மருதைமுத்து இறந்து எட்டு நாள் ஆகிவிட்டது. போன வார வெள்ளிக்கிழமை. பத்தொன்பதாம் தேதி.

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அன்னைக்குக் காலையிலேயே கரண்ட் இல்ல. மாசா மாசம் ஒரு நாளு நிறுத்துவாங்கள்ல. ஒன்பது மணிக்கெல்லாம் சிலிண்டருக்கு மாத்திட்டேன். பதினோரு மணிக்கு வந்துருச்சு. திரும்ப மெஷின்ல போட்டுட்டு, ரேஷன் கடையில அரிசி போடுறாங்கன்னு போனேன். பக்கத்து வீட்டு அகிலாண்டத்துகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். மெஷின் கத்துனா ஓடிப் போயி குழாயை மாத்தி விட்டுருன்னு. அதுக்கு எப்படி மாத்துறதுன்னு தெரியும், நாந்தான் சொல்லிக் குடுத்தேன். நான் போனப்புறம் திரும்பக் கரண்டு போயிருக்கு. ஒண்ணரை மணி நேரம். நான் வர்றப்ப கரண்ட் இருந்துச்சு, மெஷினும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவருதான் இல்ல."

பக்கத்து வீட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"அது எங்கயோ டிவி பாக்கப் போயிருச்சு. கேட்டா, வாசல்லயேதான் உக்காந்திருந்தேன், மெஷின் கத்தவே இல்லன்னு சத்தியம் பண்ணுது. எம்மூஞ்சியப் பாத்து பொய் சொல்லுது. இருபது வருசப் பழக்கம். இனி அது மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். அந்தப் பக்கம் ஒரு பெண் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

பாயும் நானும் மெஷினைத் தூக்கி வேனில் வைத்தோம். ரசீதில் நல்லாயி கைநாட்டு வைத்தார். நாங்கள் கிளம்பும்போது கேட்டார்: "நீங்களே எப்படி வந்தீங்க? நாங்க யாருக்கும் போன் பண்ணலையே."

சர்வீஸுக்கு வந்தோம் என்றேன்.

ஜூன் 29, திங்கள்

காலையில் ஆபீஸில் வேறு யாரும் வருவதற்கு முன் அந்த மெஷினை ஓட விட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். நின்றது. சத்தம் வரவில்லை. மறுபடி போட்டுப் பிடுங்கினேன். நான்காவது தடவை பாய் வந்து என் கையிலிருந்து ஒயரை வாங்கிச் சுற்றி வைத்தார்.

எம்.டி.யிடம் சொன்னோம். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்தாளுக்கு நுரையீரலே இல்ல. கிரஷர் தூசி. மெஷினாலதான் போனாருன்னு நீ எப்படிச் சொல்ற? நீ டாக்டரா?"

"மெஷின் கத்தல சார்."

"அதை யாரு கேட்டா?" என்றவர், பிறகு குரலை இறக்கிப் பேசினார். "இங்க பாரு ஜெசிந்தா. சி.ஆர்.எம்.ல அந்த மெஷினை ஜூன் பதினஞ்சே மாத்திக் குடுத்துட்டதா போட்டுரு. புது மெஷின் நம்பரைப் போடு. உன்னால முடியும்ல? எல்லாருக்கும் நல்லது. உனக்கும்."

உனக்கும் என்று ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. தெரியும்.

என் இடத்தில் வந்து உட்கார்ந்து அந்தப் பதிவைத் திறந்தேன். மாற்றிய தேதி என்று ஒரு கட்டம். அதில் சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. மத்தியானம்வரை அப்படியே இருந்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 1, புதன்

இரண்டு நாளாக ஆபீஸ் போகவில்லை. வீட்டில் யாரும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் டிஸ்க் நிறைந்தது எனக்குத் தெரியும். வாரா வாரம் மென்பொருள் சிவப்பு எழுத்தில் மெயில் அனுப்பியது. புது டிஸ்க் வேண்டும் என்று சாரிடம் கேட்டேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் நான் கேட்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் கேட்டால் இத்தனை நாள் என்ன செய்தாய் என்பாரே என்று இருந்தது. அந்த மெயில்கள் கண்ணில் படாமல் தனியாக ஒரு இடத்துக்குப் போகும்படி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் பதிவேட்டில் "பேக்கப் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்தொன்பது வெள்ளி.

ஜூன் 2 அன்று பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கமலவேணி அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். சேர்க்கும் வேலை எப்போது முடியும் என்று சார் காலையில் கத்திவிட்டுப் போனார். பதிவுகளைச் சேர்க்கும் அனுமதி அக்காவின் பெயருக்குத்தான் உண்டு. போன் நம்பர் ஒன்றாக இருந்தால் சேர்த்துவிடு என்று போட்டு, மொத்தமாக அழுத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மே மாதமே அக்கா சொல்லியிருந்தார்: "மொத்தமா போட்டுறாத, ஒரே நம்பர்ல நெறைய பேர் இருக்காங்க, ஒண்ணொண்ணா பாத்துத்தான் சேக்கணும்." கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தாம் தேதி பாய் அக்காவிடம் கேட்கலாம் என்றார். கேட்டிருந்தால் பதினொன்றாம் தேதியே வேலம்பாறைக்குப் போயிருப்போம். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாது என்றுதான் நான் போகவில்லை. பத்தொன்பதாம் தேதி ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. எட்வினிடம் இந்த நோட்டைக் கொடுக்கப் போகிறேன்.

ஜூலை 2, வியாழன்

எட்வின் படித்துவிட்டு, "இதை மொதல்ல என்கிட்ட குடுத்திருக்கக் கூடாது. கமலவேணி அக்காகிட்டப் போ" என்றார். பைக்கில் கொண்டுபோய்த் தெருமுனையில் விட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

அக்கா கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் ஜெசிந்தா."

"எப்படிக்கா?"

"பல் டாக்டர்கிட்டேருந்து வந்து உக்காந்தா, காலு தரையில படல. என் சேரை ஏத்தி வெச்சிருந்துச்சு. ஆபீஸ்ல அவ்வளவு ஒசரம் ஏத்தி உக்கார்றது நீ ஒருத்திதான்."

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். கூட்டத்துல சொல்லுவேன்னு பாத்தேன். சரி, பயந்துட்டா, ரெண்டு நாள் கழிச்சு வருவான்னு பாத்தேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வருவேன்னு நாலு வாரம் வாசக்கதவைத் தாப்பா போடல." குரல் ஏறவே இல்லை. "மருதைமுத்து என்ன ஆனாரு? பாய் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு."

சொன்னேன்.

அக்கா எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது.

"நல்லாயி எப்பக் கூப்பிட்டாலும் மொதல்ல என் பல்லு எப்படி இருக்குன்னு கேக்கும். அந்த அகிலாண்டம் போன்லதான் பேசும்." நான் குடித்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். "என்கிட்ட வந்து அழுது என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு. போ."

ஜூலை 3, வெள்ளி

எழுதிக் கொண்டுபோய் சாரிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம். தேதியை மாற்ற மாட்டேன் என்றும் எழுதியிருந்தேன். முழுக்கப் படித்தார். வேலையை விட்டுப் போகச் சொன்னார். கமலவேணி அக்காவைத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார். நான் எழுந்ததும், "அந்த ஊர்ப் பக்கம் போகாத. போனா அப்புறம் நான் பொறுப்பில்ல" என்றார்.

ஜூலை 4, சனி

துறையூர் பஸ்ஸில் போய், அங்கிருந்து மினி பஸ். தனியாகத்தான் போனேன்.

நல்லாயி வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "மெஷினைத்தான் கொண்டுபோயிட்டீங்களே, இன்னும் என்ன?" என்றார்.

எதிரே தரையில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ் முழுக்க யோசித்தது ஒன்றும் வரவில்லை.

"அம்மா, அந்த மெஷின் அன்னைக்குக் கத்தியிருக்காது. அதுல பேட்டரி கெட்டுப்போயிருச்சு. ஆபீஸ்ல பிளக்கைப் புடுங்கிப் பாத்தேன். கத்தல."

கடலை உடைக்கும் கை நின்றது.

"கத்தலையா?"

"இல்லம்மா. அகிலாண்டம் அம்மா சொன்னது உண்மை."

அவர் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"அது கெட்டுப்போனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஜூன் எட்டாம் தேதி."

"அவரு போனது பத்தொம்போது." விரலை மடக்கி எண்ணினார். "பதினோரு நாளு. பதினோரு நாளு என்ன பண்ணுனீங்க?"

"தேடிக்கிட்டு இருந்தோம்மா. உங்க பேரு, ஊரு எதுவும் எங்ககிட்ட இல்ல."

"இல்லாம எப்படி? மெஷின் குடுக்குறப்ப எழுதிக்கிட்டுத்தானே போனாரு அந்த பாயி? கமலவேணியம்மா மாசா மாசம் அகிலாண்டத்துக்குப் போனு பண்ணி எப்படி இருக்காருன்னு கேக்குமே?"

"இருந்துச்சு. நான்தான் அழிச்சுட்டேன். தெரியாம அழிச்சேன். அழிச்சப்புறம் அதை மறைச்சேன். கமலவேணி அக்காவை வேலையை விட்டு நிறுத்துனது என்னாலதான். அவங்களைக் கேட்டிருந்தா மறுநாளே உங்க வீட்டுக்கு வந்திருப்போம். நான் கேக்கல."

நல்லாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தார். சுவரைச் சுற்றிப் போக வழி இருந்தும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவர் மேலேயே கால் வைத்து ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்.

"அடியே அகிலாண்டம்" என்று கூப்பிட்டது கேட்டது. மறுபடி கூப்பிட்டார். "வெளிய வாடி. நீ சொன்னது நெசந்தாண்டி. கத்தலையாம்டி."

கதவு திறக்கும் சத்தம். பிறகு இரண்டு பேரும் அழுத சத்தம். எது யாருடையது என்று தெரியவில்லை.

என்னை இருக்கச் சொல்லவும் யாரும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. உடைத்துப் போட்ட கடலையைக் கோழி கொத்த வந்தது. அதை விரட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி பஸ்ஸுக்கு எழுந்து வந்தேன்.

ஜூலை 12, ஞாயிறு

பூசைக்குப் போனோம். கமலவேணி அக்கா வேலைக்குத் திரும்பப் போகவில்லை என்று பாய் சொன்னார். கூப்பிட்டதற்கு, பதினேழு வருஷம் போதும் என்றாராம்.

ஜூலை 16, வியாழன்

நல்லாயி புகார் கொடுத்திருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வந்தது. எட்வின் லீவு போடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

ஜூலை 27, திங்கள்

ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்சு. தியாகேசன் சார் வக்கீலோடு ஒரு பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லாயியும் அகிலாண்டமும் ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். நான் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தேன். அவர்கள் நகரவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். எழுதும் போலீஸ்காரர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு நல்லாயியிடம் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டே வந்து, எப்போது கெட்டுப்போனது, கம்பெனிக்கு எப்போது தெரிந்தது என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

வக்கீல் இடையில் புகுந்தார். "சார், அந்தம்மாவுக்கு எதுவும் நேரடியாத் தெரியாது. யாரோ சொன்னதைக் கேட்டு..."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "இவங்க யாரு? கம்பெனி ஆளா? எந்தப் பக்கம்?"

கம்பெனி ஆள் இல்லை இப்போது. வேறு எந்தப் பக்கம் என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை.

நல்லாயி என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

"அதுகிட்டக் கேளுங்க. தேதியெல்லாம் அதுக்குத்தான் தெரியும்."

நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். உட்கார்ந்தேன். போன வருஷம் ஏப்ரலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.